சிப்பைக் கைவிடும் நாளில் கையேட்டைக் கொடுத்துவிடுங்கள்

ஆர்ம் சிப் வடிவமைத்து விற்கும் நிறுவனங்களுக்கும், அந்தச் சிப்பை வைத்து போன், டேப்லெட், டிவி பாக்ஸ், போர்டு என்று செய்து விற்பவர்களுக்கும்,

வணக்கம்.

நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். உங்கள் பழைய சிப்புகளுக்கெல்லாம் புதிய லினக்ஸ் கெர்னல் (வன்பொருளை இயக்கும் மைய நிரல்) செய்து கொடுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. அதை நீங்கள் செய்யப்போவதில்லை என்று இத்தனை வருடத்தில் எங்களுக்குப் புரிந்துவிட்டது. நான் கேட்பது அதைவிட மிகச் சின்ன காரியம். ஒரு சிப்புக்கான ஆதரவை நிறுத்துகிற அன்றைக்கு அதன் முழுக் கையேடு, அதற்கு வேண்டிய ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே ஏற்றப்படும் நிரல்) கோப்புகளை யாரும் பகிர்ந்துகொள்ளும் அனுமதி, பூட்லோடரை (சாதனம் தொடங்கும்போது கெர்னலை ஏற்றும் நிரலை) திறக்கும் வழி, இந்த மூன்றையும் வெளியே வைத்துவிட்டுப் போங்கள். மிச்ச வேலையைச் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் உதவி இல்லாமலேயே செய்தும் காட்டியிருக்கிறார்கள்.

2012 முதல் 2015 வரை வந்த ஒரு டேப்லெட்டையோ டிவி பாக்ஸையோ எடுத்து இயக்கிப் பாருங்கள், கெர்னல் பதிப்பு 3.0, 3.4, 3.10 இப்படி ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும். அதே 2012-இல் வாங்கிய லேப்டாப்பில் பென்டிரைவ் மூலம் இன்றைய டெபியன் லினக்ஸை நிறுவினால் இன்றைய கெர்னல் அப்படியே ஓடுகிறது. இரண்டுக்கும் வயது ஒன்றுதான். டேப்லெட்டின் செயலி தேய்ந்துபோகவில்லை, ரேம் நன்றாக இருக்கிறது, திரை பளிச்சென்று எரிகிறது, ஆனாலும் அது பிறந்த வருடத்து மென்பொருளோடு சேர்த்துப் பூட்டப்பட்டிருக்கிறது. ஏன் இப்படி என்பது உங்களுக்குத் தெரியும், இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

லேப்டாப்பில் பிசிஐ பஸ் என்ற இணைப்புப் பாதையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு கருவியும், கெர்னல் கேட்டதும் தன் அடையாள எண்ணைச் சொல்லிவிடும், மற்ற விவரங்களை லேப்டாப்பின் ஃபர்ம்வேர் தரும் ஏசிபிஐ அட்டவணைகள் சொல்லிவிடும். ஆர்ம் சிப்புக்குள் பெரும்பாலும் அப்படிச் சொல்ல ஆள் இல்லை. சீரியல் போர்ட் எந்த முகவரியில் இருக்கிறது, அதை எந்த கிளாக் ஓட்டுகிறது, திரைக்கு எந்த ரெகுலேட்டர் மின்சாரம் கொடுக்கிறது, வைஃபை சிப்பை எழுப்ப எந்த ஜிபிஐஓ பின்னை உயர்த்த வேண்டும் என்று எல்லாவற்றையும் யாராவது முன்கூட்டியே எழுதிவைத்தால்தான் கெர்னலுக்குத் தெரியும். ஒரு காலத்தில் இதை போர்டுக்கு ஒரு சி கோப்பு என்று கெர்னலுக்குள்ளேயே எழுதிக் குவித்தார்கள். 2011 மார்ச்சில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்து, இந்த ஆர்ம் விவகாரமே பெரும் தலைவலி என்று எல்லோர் முன்னாலும் திட்டித் தீர்த்தார். அதற்குப் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. பவர்பிசி என்ற வேறு வகைச் செயலிகளின் உலகில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த டிவைஸ் ட்ரீ முறை ஆர்முக்கு வந்தது, அதாவது வன்பொருள் விவரம் கெர்னலைவிட்டு வெளியேறித் தனிக் கோப்பாக ஆனது. கிளாக்குகளுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான கட்டமைப்பு கெர்னல் 3.4-இல் வந்தது. 2012 டிசம்பரில் வெளியான 3.7-இல், ஒரே கெர்னல் பல நிறுவனங்களின் சிப்புகளில் பூட் ஆகும் நிலையும் வந்துவிட்டது.

ஆக, பத்து வருடத்துக்கும் மேலாக வாசல் திறந்துதான் இருக்கிறது. பழைய சாதனங்கள் அந்த வாசலுக்கு வர முடியாமல் போனதற்குக் காரணம் நீங்கள் சிப்போடு சேர்த்துக் கொடுக்கும் பிஎஸ்பி, அதாவது கெர்னலும் டிரைவர்களும் அடங்கிய மென்பொருள் தொகுப்பு.

பிஎஸ்பி எப்படிப் பிறக்கிறது என்பது ஊரறிந்த விஷயம். சிப் தயாராகும் சமயத்தில் ஆண்ட்ராய்டு எந்தக் கெர்னலைப் பயன்படுத்துகிறதோ அதை எடுத்து, அதன்மேல் லட்சக்கணக்கான வரிகளை ஏற்றி, திரைக்கு ஒரு சொந்த டிரைவர் (அந்தக் கருவியை இயக்கும் நிரல்), கேமராவுக்கு ஒரு சொந்த டிரைவர், மெமரி ஒதுக்கீட்டுக்கு அயான் என்ற ஆண்ட்ராய்டு அமைப்பு, கிளாக்குக்குச் சொந்தக் கட்டமைப்பு என்று அவசரமாகக் கட்டி, போர்டு செய்பவரிடம் ஒரு டார் கோப்பாகக் கொடுக்கிறீர்கள். அதில் கிட் வரலாறு (மாற்றங்களின் பதிவு) இருக்காது. எந்த மாற்றம் எதற்காகச் செய்யப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. ஜிபியூ (கிராஃபிக்ஸ் செயலி) டிரைவரின் பாதி, சோர்ஸ் இல்லாத பைனரியாக, அந்த ஒரு கெர்னல் பதிப்புக்கு மட்டும் பொருந்துவதாக இருக்கும். போர்டு செய்பவர் அதன்மேல் தன் பங்குக்கு நாலு திருத்தம் செய்து விற்பனைக்கு விடுகிறார். அன்றோடு அந்தக் கெர்னலின் வளர்ச்சி முடிந்தது.

அதை நாங்களே புதிய பதிப்புக்கு நகர்த்திக்கொள்ளலாமே என்று தோன்றலாம். முயன்று பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். கெர்னலுக்குள் இருக்கும் இடைமுகங்கள் நிலையாக இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுத்ததில்லை, மெயின்லைனில் (எல்லோருக்கும் பொதுவான அதிகாரபூர்வக் கெர்னலில்) உள்ள டிரைவர் என்றால் மாற்றம் செய்பவரே அதையும் சேர்த்துத் திருத்திவிடுவார், வெளியே இருக்கும் டிரைவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 3.4-க்கு எழுதிய ஒரு டிரைவரை எடுத்து இன்றைய கெர்னலில் கம்பைல் செய்தால் டைமர் எழுதும் முறை 4.15-இல் மாறிவிட்டது என்று ஒரு பிழை வரும், பயனர் நினைவகத்தைச் சரிபார்க்கும் ஃபங்ஷனின் அளவுருக்கள் 5.0-இல் குறைந்துவிட்டன என்று இன்னொன்று வரும், ப்ராக் கோப்புகளுக்கான (கெர்னலோடு பேச உதவும் சிறப்புக் கோப்புகள்) அமைப்பு 5.6-இல் வேறாகிவிட்டது, நீங்கள் நம்பியிருந்த அயான் 5.11-இல் அகற்றப்பட்டேவிட்டது. இவற்றையெல்லாம் சரிசெய்துவிடலாம், எல்லாம் இயந்திரத்தனமான வேலைதான். அதற்கப்புறம்தான் உண்மையான சுவர் வருகிறது. டிரைவருக்குள் ஒரு முகவரியில் ஏதோ ஒரு எண்ணை எழுதுகிறார்கள், அந்த எண்ணின் ஒவ்வொரு பிட்டும் என்ன செய்கிறது என்று சொல்ல ஒரு காகிதம்கூட இல்லை. மெயின்லைனுக்கு ஏற்றபடி அதைத் திருப்பி எழுத வேண்டுமென்றால் வன்பொருள் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டாமா?

கையேடு இருந்தால் என்ன ஆகும், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே சிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆல்வின்னர் நிறுவனத்தின் ஏ13. நம் நாட்டுக்கும் தொடர்புள்ள சிப் இது. 2012 நவம்பரில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி டெல்லியில் வெளியிட்ட ஆகாஷ் 2 டேப்லெட்டில் இருந்தது இதுதான். மாணவர்களுக்கு ₹1,130-க்குக் கிடைக்கும் என்று சொல்லப்பட்ட ஏழு அங்குல டேப்லெட், 512 எம்பி ரேம், ஆண்ட்ராய்டு 4.0. அதே சிப்பை வேறு பெயரில் போட்டு 2015-இல் அமெரிக்காவில் 9 டாலருக்கு சிப் என்ற பெயரிலேயே ஒரு குட்டிக் கணினியும் வந்தது.

இந்த ஏ13-க்கு அடிப்படை ஆதரவு 2013 பிப்ரவரியில் வந்த 3.8 கெர்னலிலேயே மெயின்லைனில் நுழைந்துவிட்டது. சீரியல், டைமர், குறுக்கீடு, கிளாக் போன்ற பகுதிகளுக்கு விவரம் கையில் கிடைத்தது, அதனால் ஆல்வின்னர் சிப்புகளுக்கு லினக்ஸ் கொண்டுவரும் சன்க்ஸி சமூகத்தார் வேகமாகச் செய்துவிட்டார்கள். திரைக்கான டிரைவர் 2016-இல் 4.7-இல்தான் வந்தது. வீடியோ டிகோடர் பகுதிக்குக் கையேடே கிடையாது. அதைத் தலைகீழாகப் பிரித்துப் புரிந்துகொள்ள ஆர்வலர்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்தார்கள், பிறகு 2018-இல் பூட்லின் நிறுவனம் பொதுமக்களிடம் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி முறையான டிரைவர் எழுதியது. அதே சிப்பில் உள்ள, ஆர்ம் நிறுவனம் வடிவமைத்த மாலி 400 ஜிபியூ இன்னும் மோசம். லூக் வெர்ஹேகன் அதற்குத் திறந்த டிரைவர் எழுதும் லிமா திட்டத்தை 2012 பிப்ரவரியில் ஃபோஸ்டெம் மாநாட்டில் அறிமுகப்படுத்தினார், அந்தப் பெயரில் ஒரு டிரைவர் மெயின்லைனுக்குள் வந்தது 2019 ஜூலையில், 5.2-இல். ஏழு வருடம்! ஒரே சிலிக்கான் துண்டு. விவரம் கிடைத்த பகுதி சில மாதத்தில் முடிந்தது, விவரம் மறைக்கப்பட்ட பகுதி ஏழு வருடம் எடுத்தது. அந்த ஏழு வருடத்தில் ஆகாஷ் வாங்கிய மாணவர்கள் படித்து முடித்து வேலைக்கே போயிருப்பார்கள்.

இந்த விஷயத்தில் என் மனத்தை உறுத்துவது இதுதான். அந்த ஏழு வருட உழைப்பில் யாரும் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் அலுவலகத்தில் ஒரு பிடிஎஃப் கோப்பில் ஏற்கெனவே எழுதியிருந்ததை, திறமையான மனிதர்கள் தங்கள் இரவுகளைச் செலவழித்து மறுபடி எழுதினார்கள்.

அந்தக் குட்டிக் கணினியைச் செய்த நெக்ஸ்ட் திங் நிறுவனம் 2018-இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அவர்கள் தொடக்கத்திலேயே மெயின்லைனுக்கு ஆதரவு சேர்க்கும் வேலைக்குக் காசு கொடுத்து ஆள் வைத்திருந்தார்கள். அதனால் நிறுவனம் போன பிறகும் அந்தப் போர்டு மெயின்லைனில் இருக்கிறது. அதில் பயன்படுத்திய எம்எல்சி நாண்ட் என்ற ஃபிளாஷ் சேமிப்பு மட்டும் இன்றுவரை தொல்லைதான், மற்றபடி உயிரோடு இருக்கிறது. நிறுவனத்தைவிட அதன் பொருள் நீண்ட நாள் வாழ்வது எப்படி என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

நல்லபடியாக நடந்துகொண்டவர்களையும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்த பாவம் வந்து சேரும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் ஏஎம்335எக்ஸ் சிப்புக்கு ஏறக்குறைய 5,000 பக்கக் கையேட்டைப் பொதுவில் வைத்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அந்தச் சிப்போடு 2013-இல் வந்த பீகிள்போன் பிளாக் போர்டு இன்றைய கெர்னலில் சலனமில்லாமல் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அதே சிப்பில் கையேடு இல்லாத ஒரே பெரிய பகுதி பவர்விஆர் எஸ்ஜிஎக்ஸ் ஜிபியூ, மெயின்லைனில் இன்றும் ஆளில்லாமல் கிடப்பதும் அதுதான். பிராட்காம் 2014 பிப்ரவரியில், ராஸ்பெரி பை போர்டில் உள்ள வீடியோகோர் 4 ஜிபியூவின் கையேட்டை வெளியிட்டது, அதே வருடம் டிரைவர் எழுதுபவரான எரிக் ஆன்ஹோல்ட்டை வேலைக்கு எடுத்தது, அவர் எழுதிய டிரைவர் 4.4-இல் மெயின்லைனுக்கு வந்தது. 2012-இல் வந்த முதல் ராஸ்பெரி பை இன்றைக்கும் அதிகாரபூர்வ ஓஎஸ் பெறுகிறது என்பதை யோசித்துப் பாருங்கள், ஒரே ஒரு ஆர்ம்11 கோர் உள்ள போர்டு! ராக்சிப்பின் ஆர்கே3288, ஆர்கே3399 இரண்டும் மெயின்லைனில் அருமையாக இருக்கின்றன, அவை குரோம்புக்குகளில் போயின, கூகுள் மெயின்லைனை விரும்பிக் கேட்டது, வேலை நடந்தது. வாங்குகிறவர் பெரிய ஆளாக இருந்து கேட்டால் உங்களால் முடிகிறது என்பதுதானே இதன் பொருள்.

குவால்காம் விஷயத்தில் ஒரு நல்ல கதையும் ஒரு வருத்தமான கதையும் உண்டு. ஸ்னாப்டிராகன் 410 (போன்களில் அதன் பெயர் எம்எஸ்எம்8916) சிப்பை வைத்து 2015-இல் டிராகன்போர்டு 410சி என்று ஒரு போர்டு வந்தது, ஆர்முக்கான லினக்ஸ் வேலை செய்யும் லினாரோ அமைப்பு அதற்கு மெயின்லைனில் நிறைய வேலை செய்தது. அது ஒரே ஒரு போர்டுக்காகச் செய்த வேலை. ஆனால் அதே சிப்பைப் பயன்படுத்திய சாம்சங் கேலக்ஸி ஏ3, ஏ5 மாதிரி போன்களுக்கெல்லாம் அந்த வேலை வழிவிட்டது, இன்று பழைய போன்களுக்கான லினக்ஸான போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸில் மிக நன்றாக ஓடும் பழைய போன் சிப்புகளில் அதுவும் ஒன்று. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 4ஜி யூஎஸ்பி டாங்கிள்களில் சிலவற்றுக்குள்ளும் அதே சிப் இருக்கிறது, அதில் டெபியன் போட்டு வீட்டுக்குக் குட்டி சர்வராக வைத்திருப்பவர்கள் உண்டு.

வருத்தமான கதை ஃபேர்போன் 2. 2015 டிசம்பரில் விற்பனைக்கு வந்த போன், உள்ளே ஸ்னாப்டிராகன் 801. ஆண்ட்ராய்டு 6-க்கு மேல் அந்தச் சிப்புக்கு ஆதரவு தரமாட்டோம் என்று குவால்காம் நிறுத்திக்கொண்டது. ஃபேர்போன் சின்ன நிறுவனம், விடவில்லை, சமூகத்தார் லினியேஜ்ஓஎஸ் என்ற ஆண்ட்ராய்டு வடிவத்தில் செய்திருந்த வேலையையும் துணைக்கு எடுத்துக்கொண்டு ஆண்ட்ராய்டு 7, பிறகு 9, பிறகு 10 என்று கொடுத்து 2023 மார்ச் வரை அந்தப் போனை இழுத்துக்கொண்டு வந்தார்கள். சிப் செய்தவர் விலகிய பிறகு இவ்வளவு தூரம் வர முடிகிறது என்றால், சிப் செய்தவர் விலகும்போது கையேட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் எவ்வளவு தூரம் போயிருக்கலாம்?

இனி ஃபர்ம்வேர். உங்களுக்குக் காசே செலவில்லாத, ஆனால் எங்களை அதிகமாகத் தவிக்கவிடும் விஷயம் இது. சென்னை ரிச்சி தெருவில் பழைய டிவி பாக்ஸ் ஒன்று வாங்கினேன், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆஃப்லைன் விக்கிபீடியா வைத்துக் கொடுக்கலாம் என்ற எண்ணம். சிப்புக்கு மெயின்லைன் ஆதரவு இருந்தது, பூட் ஆனது, எச்டிஎம்ஐ வந்தது, யூஎஸ்பி வேலை செய்தது. வைஃபை மட்டும் வரவில்லை. டிரைவரும் கெர்னலில் இருக்கிறது. இல்லாதது இரண்டு கோப்புகள்: வைஃபை சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர், அந்த போர்டின் ஆன்டெனா, கிரிஸ்டல் விவரங்கள் அடங்கிய என்விராம் என்ற ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பு. செய்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, இத்தனை ஆயிரம் சிப் வாங்கும் வாடிக்கையாளராக இருந்தால் மட்டும் தரலாம் என்று பதில் வந்தது. அந்தக் கோப்பு ஏற்கெனவே நான் காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்குள் ஆண்ட்ராய்டு இருக்கும் சேமிப்புப் பகுதியில் இருக்கிறது. எனக்காக எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதை இன்னொருவருக்குக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை, எந்த டிஸ்ட்ரோவும் (டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்பு) அதைச் சேர்க்க முடியாது, ஆகவே அதே பெட்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக அதைத் தோண்டி எடுக்க வேண்டும். கணினியோடு பழக்கமில்லாத ஒரு ஆசிரியர் அதைச் செய்வாரா?

இதற்கென்றே லினக்ஸ்-ஃபர்ம்வேர் களஞ்சியம் இருக்கிறது. பைனரியாகவே கொடுக்கலாம், சோர்ஸ் வேண்டாம். 'மாற்றாமல் பகிர்ந்துகொள்ளலாம்' என்று ஒரு பக்க உரிமக் குறிப்போடு கோப்பை அனுப்பினால் போதும், டெபியனிலிருந்து ஆர்ம்பியன் வரை எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ஆர்ம் நிறுவனமே தன் புதிய மாலி ஜிபியூக்களுக்கு வேண்டிய ஃபர்ம்வேரை அங்கே வைத்திருக்கிறது, 6.10-இல் வந்த பான்தர் டிரைவர் அதைத்தான் எடுத்துக்கொள்கிறது. மாலி 400-க்கு ஏழு வருடம் காக்கவைத்த அதே நிறுவனம் இன்று இப்படி நடக்கிறது, அதை மனமாரப் பாராட்டுகிறேன். மற்றவர்களும் உங்கள் பழைய வைஃபை, ப்ளூடூத், வீடியோ ஃபர்ம்வேர்களை ஒரு வாரம் ஒதுக்கி இப்படி அனுப்பிவிடலாமே.

பூட்லோடரைப் பற்றி. சாதனம் விற்பனையில் இருக்கும்போது, பாதுகாப்புக்காகக் கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்றுவோம் என்று நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது, திருட்டுப் போன் பிரச்சினையும் உண்மைதான். ஆனால் கடைசி அப்டேட் கொடுத்த பிறகும் பூட்டை அப்படியே வைத்திருப்பது, வீட்டை விற்றுவிட்டுச் சாவியைக் கையோடு கொண்டுபோவது மாதிரி. எம்எஸ்எம்8916-இலேயே சில போன்களில் கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் 32 பிட் கெர்னலை மட்டும்தான் ஏற்றவிடும், சிப் 64 பிட்டாக இருந்தும் பயனில்லை. கடைசி அப்டேட்டில், உரிமையாளர் விரும்பினால் பூட்லோடரைத் திறந்துகொள்ளும் ஒரு வழியைச் சேர்த்துவிடுங்கள், தரவு முழுக்க அழிந்த பிறகே திறக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது நியாயமே.

மறைத்து வைத்தால் பாதுகாப்பு என்று இன்னும் யாராவது உங்கள் கூட்டங்களில் பேசினால் 2016-இல் நடந்ததை அவர்களுக்கு நினைவூட்டுங்கள். ஆல்வின்னரின் எச்3, ஏ83டி சிப்புகளுக்கான 3.4 கெர்னலில், ப்ராக் கோப்பு ஒன்றில் 'ரூட்மைடிவைஸ்' என்று எழுதினால் போதும், எழுதிய நிரல் எதுவாக இருந்தாலும் அதற்கு ரூட் என்ற முழு நிர்வாக அதிகாரம் கிடைத்துவிடும். யாரோ சோதனைக்காக வைத்து எடுக்க மறந்த வரிகள், விற்பனைக்கே போய்விட்டன. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் சோர்ஸைத் திறந்து படித்த ஆர்வலர்கள். மெயின்லைனுக்கு அனுப்பியிருந்தால் அப்படி ஒரு பேட்ச் (நிரல் திருத்தம்) முதல் நாளிலேயே மாட்டியிருக்கும். அதே வருடம் அக்டோபரில் டர்ட்டி கவ் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது, 2007-இல் வந்த கெர்னல் 2.6.22-இலிருந்தே இருந்த ஓட்டை. மெயின்லைனில் உடனே அடைத்தார்கள், நீண்டகால வெளியீடுகளிலும் அடைத்தார்கள். 3.4-இல் உறைந்துபோய் அப்டேட்டே வராத பெட்டிகளில் அது இன்றும் திறந்துதான் இருக்கிறது, அந்தப் பெட்டிகள் இன்றும் வீட்டு வைஃபையில் இணைந்து கிடக்கின்றன.

நீங்கள் வழக்கமாகச் சொல்லும் மற்ற காரணங்களுக்கும் வருகிறேன். சிப்பின் சில பகுதிகள் வேறு நிறுவனத்திடம் உரிமம் பெற்றவை, அதன் விவரத்தை வெளியிட எங்களுக்கே உரிமை இல்லை என்பீர்கள். சரி, அந்தப் பகுதிகளை விட்டுவிட்டு மிச்சத்தை வெளியிடுங்கள், விட்ட பகுதி யாருடையது, எந்தப் பதிப்பு என்று ஒரு வரி எழுதுங்கள். யூஎஸ்பிக்கு சினாப்ஸிஸ் டிடபிள்யூசி2 என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது, அதற்கான டிரைவர் கெர்னலில் ஏற்கெனவே இருக்கிறது. போட்டியாளர் பார்த்துவிடுவார் என்பீர்கள். பத்து வருடம் பழைய சிப்பின் ரெஜிஸ்டர் அட்டவணையிலிருந்து அவர் எதைக் கற்கப்போகிறார்? ஆட்கள் இல்லை என்பீர்கள். ஆட்களைக் கேட்கவே இல்லை. பேட்ச் எழுத வேண்டாம், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம், அச்சுப்பிழையைக்கூடத் திருத்த வேண்டாம், உள்ளதை உள்ளபடி வெளியிடுங்கள். கெர்னல் சோர்ஸைப் பொறுத்தவரை அது வேண்டுகோள்கூடக் கிடையாது, ஜிபிஎல் 2 உரிமப்படி உங்கள் கடமை. அதை முழு கிட் வரலாற்றோடு கொடுத்தால் எங்களுக்கு எவ்வளவோ உதவும்.

காலமும் உங்கள் பக்கம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், போன், டேப்லெட் விற்பவர்கள் ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது 5 வருடம் ஓஎஸ் அப்டேட்டைக் கிடைக்கச் செய்ய வேண்டும். அங்கே டிஜிட்டல் பொருட்களின் பாதுகாப்புக்காக வந்த சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வருகின்றன, ரூட்டரும் டிவி பாக்ஸும் அதற்குள் வந்துவிடும். இன்னொரு பக்கம், 2017-இல் ஆறு வருடமாக நீட்டிய நீண்டகாலக் கெர்னல் ஆதரவை மறுபடி இரண்டு வருடத்துக்குக் கொண்டுவரப்போவதாக 2023-இல் கெர்னல் தரப்பிலிருந்து சொல்லிவிட்டார்கள். பராமரிப்பவர்கள் களைத்துப்போயிருக்கிறார்கள் என்பது அதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. ஒரு பழைய கெர்னலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம் என்ற கணக்கு இனி உங்களுக்கே கட்டுப்படியாகாது, மெயின்லைனில் இருந்து பதிப்புக்குப் பதிப்பு நகர்வதுதான் மலிவான வழி.

32 பிட் ஆர்ம் சாதனங்களுக்கு இன்னொரு கெடுவும் இருக்கிறது. 2038 ஜனவரி 19 அன்று 32 பிட் நேரக் கணக்கு நிரம்பிவிடும். கெர்னல் பக்கம் அதற்கான வேலை 2020-இல் வந்த 5.6-இல் முடிந்தது, டெபியன் தன் 13-ஆம் பதிப்பில் 32 பிட் ஆர்முக்கு 64 பிட் நேரத்துக்கு மாறிவிட்டது. புதிய கெர்னலுக்குப் போக முடிந்த சாதனம் தப்பிக்கும். 3.4-இல் மாட்டிக்கொண்ட மின் மீட்டர் கேட்வேயும் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் அன்றைக்கு என்ன செய்யும் என்று அதை வாங்கியவர்தான் கவலைப்பட வேண்டியிருக்கும். போன், டேப்லெட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம், சுவரில் பொருத்திய இப்படிப்பட்ட பெட்டிகளை எல்லா இடத்திலும் அப்படி மாற்றிவிட முடியாது.

கெர்னல் பராமரிப்பவர்களும் பழையதை எல்லாக் காலத்துக்கும் சுமக்கமாட்டார்கள். 2023-இல் யாரும் பயன்படுத்துவதாகத் தெரியாத ஏராளமான பழைய ஆர்ம் போர்டு கோப்புகளை அகற்றினார்கள், அதில் எனக்குக் குறையில்லை, சோதித்துப் பார்க்க ஆளில்லாத நிரல் யாருக்கும் உதவாது. அதனால்தான் அவசரம் என்கிறேன். சாதனங்கள் மக்கள் கையில் இருக்கும்போதே, அதில் ஆர்வம் உள்ளவர்கள் இருக்கும்போதே, கையேடு வெளியே வந்தாக வேண்டும். எல்லாம் குப்பைக்குப் போன பிறகு வெளியிட்டு என்ன பயன்?

2012-இல் வந்த நெக்ஸஸ் 7-ஐப் பாருங்கள், டெக்ரா 3 சிப், கடைசிவரை 3.1 கெர்னல், ஆண்ட்ராய்டு 5.1-ஓடு கூகுள் நிறுத்திவிட்டது. இன்று அது மெயின்லைனில் இருக்கிறது. 2009-இல் வந்த நோக்கியா என்900-க்கு மேமோ லெஸ்டே என்று இன்றும் ஓஎஸ் செய்கிறார்கள். சம்பளம் வாங்கி இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. தாங்கள் விரும்பி வாங்கிய பொருளைத் தூக்கி எறிய மனம் வராதவர்கள் இவர்கள். உங்கள் பொருளின்மேல் இவ்வளவு பாசம் வைத்திருக்கும் ஆட்களை எந்த விளம்பரம் கொடுத்தும் உங்களால் சம்பாதிக்க முடியாது.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், 2010-க்கும் 2016-க்கும் இடையில் வந்து, இப்போது நீங்கள் விற்காத சிப்புகளின் பட்டியலை எடுங்கள். அதில் அதிகமாக விற்ற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதல் வாரம் அதன் ஃபர்ம்வேர்களை உரிமக் குறிப்போடு லினக்ஸ்-ஃபர்ம்வேருக்கு அனுப்புங்கள், உங்கள் சட்டத்துறை ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்துவிடும். அடுத்து கையேட்டில் மற்றவர்களுக்குச் சொந்தமான அத்தியாயங்களை நீக்கிவிட்டு, பதிவு செய்தல், ஒப்பந்தம் எதுவும் கேட்காத ஒரு பக்கத்தில் பிடிஎஃப்பை வையுங்கள். டிராம் நினைவகத்தின் தொடக்க நிரல் இன்னும் பைனரியாக இருந்தால் அதன் சோர்ஸையும் கூடவே வையுங்கள், யூ-பூட் என்ற திறந்த பூட்லோடரில் அது இல்லாமல் எதுவும் தொடங்காது. பூட்லோடர் வேலைக்குத்தான் கொஞ்சம் நாள் பிடிக்கும், போன் செய்தவர்களோடு பேச வேண்டியிருக்கும், அதற்காக முதல் இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள். அந்தச் சிப்பை வைத்து மெயின்லைனில் யாராவது ஏதாவது செய்கிறார்களா என்று ஆறு மாதம் கழித்துக் கெர்னல் பேட்ச்களில் தேடிப் பாருங்கள், அதற்கப்புறம் இரண்டாவது சிப்பைப் பற்றி முடிவெடுங்கள்.

அன்புடன்,
பழைய ஆர்ம் போர்டுகளில் லினக்ஸ் ஓட்டும் ஒரு தமிழ்ப் பயனர்